கிளீனர் இல்லாத பஸ்

கேம்ப் ரோட்டில் இன்றைக்குக் காலை எட்டு மணிக்கு நின்றால் பள்ளிக்கூட பஸ்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். எண்பத்து நாலில் அந்தப் பக்கம் கலீலுக்குத் தெரிந்து ஒரே ஒரு பள்ளிக்கூட பஸ்தான் ஓடியது. அதை ஓட்டியவனும் அவன்தான்.

பஸ் என்று மரியாதைக்குச் சொல்வது. ஏதோ ஒரு கம்பெனி தன் தொழிலாளிகளை ஏற்றி இறக்கி ஓய்ந்துபோன பிறகு ஏலத்துக்கு விட்ட வண்டி. பள்ளிக்கூடத்தின் கரஸ்பாண்டென்ட் பத்ரிநாராயணன் அதை வாங்கி வந்து, நீலமும் வெள்ளையுமாகப் பெயின்ட் அடித்து, பக்கவாட்டில் பள்ளியின் பெயரை எழுதவைத்தார். மழையில் நனைந்தால் பழைய கம்பெனியின் பெயர் அடியிலிருந்து மெல்ல எட்டிப் பார்க்கும். ஜன்னல்களுக்குக் கண்ணாடி கிடையாது, தார்ப்பாய்ப் படுதாதான். பின்னால் வருவதைப் பார்க்கும் கண்ணாடி வலது பக்கம் ஒன்று இருந்தது. இடது பக்கம் ஒன்று இருந்ததற்கான ஆணித்துளை மட்டும் இருந்தது.

பத்ரிநாராயணனும் அப்போது பெரிய ஆள் இல்லை. தபால் இலாகா வேலையை விட்டுவிட்டு, சேலையூரில் தன் சொந்த மனையில் ஓலைக்கொட்டகை போட்டு நாற்பது குழந்தைகளோடு ஆரம்பித்தவர். காலையில் கேட்டைத் தானே திறப்பார், மணியைத் தானே அடிப்பார், ஒண்ணாம் வகுப்புக்குக் கணக்கும் தானே எடுப்பார்.

கலீலுக்கு அப்போது வயது இருபத்தொன்பது. அதற்கு முன் லாரி. விஜயவாடா, நாகபுரி என்று வாரக்கணக்கில் போய்க்கொண்டிருந்தவன், மகள் மெஹர் பானு பிறந்த பிறகு, சாயங்காலம் வீடு திரும்புகிற மாதிரி ஒரு வேலை கிடைக்காதா என்று தாம்பரம் மார்க்கெட்டில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிவைத்தான். பத்ரிநாராயணன் அவனைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“குழந்தைங்க அழுதா உனக்குக் கோபம் வருமா?”

“எனக்கு லாரி ஹாரன் பழகிப்போச்சு சார்.”

அவர் சிரித்துவிட்டார். வேலை ஆயிற்று.

பஸ்ஸில் அவனோடு வந்தவள் கங்கையம்மாள். மாடம்பாக்கத்துக்காரி, நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். புருஷன் இறந்து, ஒரே மகளை வைத்துக்கொண்டு பிழைக்கிறவள். வேலை ஆர்டரில் அவள் ஆயா. குழந்தைகளுக்கு மூக்கைத் துடைக்கவேண்டும், வகுப்பைப் பெருக்கவேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த வண்டிக்கு என்று வேறு ஆள் கிடையாது. ஆகவே விடிந்ததும் வந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவாள். முன் கண்ணாடியைப் பழைய செய்தித்தாளால் தேய்த்துப் பளபளக்க வைப்பாள். குழந்தைகளை இடுப்பில் கைகொடுத்துத் தூக்கி ஏற்றுவாள். வண்டி பின்னால் வரவேண்டிய இடங்களில் இறங்கிப் பின்னால் போய் நிற்பாள். கண்டக்டர்கள்போல ‘ரைட்’ என்றும் ‘ஓல்டான்’ என்றும் தெருவில் கத்த அவளுக்கு வெட்கம். அதனால் வண்டியின் தகரத்தைக் கையால் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் வா. இதை யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. முதல் வாரத்திலேயே தானாக அமைந்துவிட்ட ஏற்பாடு.

“ரெண்டாவது கியர் போட சொல்ல வண்டி அழுவுது பாய், கேட்டியா?” என்பாள்.

“எனக்குக் கேக்கலியே அக்கா.”

“முப்பது புள்ளைங்க அழுவுறதுல ஒனக்கு எங்க கேக்கும்?”

அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். மெக்கானிக் வந்து திறந்து பார்த்து, இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் போயிருக்கும் என்பான்.

அந்த மூன்று வருஷங்களைக் கலீல் பின்னாளில் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறான். ராஜகீழ்ப்பாக்கம் தாண்டினால் இரண்டு பக்கமும் வெளி. மனை போட்டுக் கல் நட்டிருப்பார்கள், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஆடு மேயும். ஒரு ஸ்டாப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் நாலு வீடு இருந்தால் அதிசயம். செம்பாக்கத்தில் ஏறுகிற ஒரு பொடியன், ஏரி மதகு வரைக்கும் ஊரைக் கூட்டி அழுதுவிட்டு, மதகு தாண்டியதும் ஸ்விட்சை அணைத்ததுபோல நிறுத்திவிடுவான். ஏர்போர்ஸ்காரர்களின் பயிற்சி விமானம் தலைக்கு மேலே தாழப் பறக்கும்போது படுதாவுக்கு வெளியே முப்பது தலைகள் நீளும். “தலைய உள்ள இஸ்துக்கோ! ஏரோப்ளேன் எங்கியும் ஓடிப்பூடாது!” என்று கங்கையம்மாள் ஒவ்வொரு தலையாக உள்ளே தள்ளிக்கொண்டு வருவாள். கடைசித் தலையைத் தள்ளும்போது முதல் தலை மறுபடி வெளியே இருக்கும்.

எண்பத்தேழு நவம்பரில், அடைமழையின் மூன்றாம் நாள் அது நடந்தது.

மாடம்பாக்கத்தில் ஒரு முட்டுச்சந்து. அதன் கடைசி வீட்டில் ஒரு குழந்தையை ஏற்றிக்கொண்டு, வண்டியை அப்படியே பின்னால் எடுத்து மெயின் ரோட்டுக்கு வரவேண்டும். தினமும் செய்கிறதுதான். அன்றைக்குச் சந்தின் ஓரத்தில் யாரோ வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டி, களிமண்ணைத் தெருவில் குவித்திருந்தார்கள். மழை அதைக் குழைத்து வைத்திருந்தது. படுதா எல்லாம் இறக்கிக் கட்டியிருந்ததால் உள்ளே இருட்டு, குழந்தைகளின் கூச்சல் வேறு. கங்கையம்மாள் தலையில் சாக்குக் கொங்காணியைப் போட்டுக்கொண்டு இறங்கிப் பின்னால் போனாள்.

கலீல் மெல்லப் பின்னால் எடுத்தான். ஒரு தட்டுக் கேட்டது. கிளட்சை மிதித்தான். உடனே இன்னொரு தட்டு.

இரண்டு. அப்படியென்றால் வா.

அவன் கிளட்சிலிருந்து காலை எடுத்தான். வண்டி மறுபடி பின்னால் நகர்ந்தது.

முதல் தட்டுத்தான் அவள் தட்டியது. இரண்டாவது, களிமண்ணில் வழுக்கியபோது அவள் கை வண்டியில் மோதிய சத்தம். அது அவனுக்குத் தெரிந்தபோது பின் சக்கரம் அவளுடைய இடது பாதத்தின்மேல் ஏறி நின்றிருந்தது. அவள் கத்தக்கூட இல்லை. இறங்கி ஓடி வந்தவனைப் பார்த்து, “புள்ளைங்கள இறங்க விடாத பாய்,” என்றாள். அதோடு மயங்கிவிட்டாள்.

பத்ரிநாராயணன் அன்றைக்குச் செய்ததைக் கலீல் எந்நாளும் குறைத்துச் சொன்னதில்லை. சைக்கிளில் அலறியடித்துக்கொண்டு வந்தார். யாருடைய காரையோ கெஞ்சி வாங்கி, ரத்தத்தோடு அவளைத் தன் மடியில் கிடத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். இரண்டு நாள் கழித்துப் பட்டணத்துப் பெரியாஸ்பத்திரியில் பாதத்தை எடுத்துவிடவேண்டும் என்றார்கள். அங்கேயும் கூடவே நின்றார். ஒரு மாதம் மருந்துக்கும் பாலுக்கும் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் வந்து எப்படி அடிபட்டது என்று கேட்டபோது கங்கையம்மாள், “நானே சேத்துல வழுக்கி உழுந்தேன். வண்டி நின்னுகினுதான் இருந்துச்சு,” என்று சொன்னாள். கலீலின் மேல் கேஸ் விழக்கூடாது என்பதற்காகச் சொன்ன பொய் அது. அவன் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். மறுத்துப் பேசவில்லை. அந்த மௌனம் பிறகு வெகுநாள் அவன் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

பிறகு அவன் அவளைப் பார்க்கவே போகவில்லை. நான்கு மாதம். வண்டியை ஓட்டினான். ஒவ்வொரு தடவை பின்னால் எடுக்கும்போதும் தானே இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு ஏறினான். குழந்தைகளுக்கு அது விளையாட்டாக இருந்தது.

எண்பத்தெட்டு மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கங்கையம்மாள் வரச்சொன்னதாக ஆள் வந்து சொன்னான். மாடம்பாக்கத்தில் அவள் குடிசைக்குப் போனான். அவள் கட்டை ஊன்றி எழுந்து நிற்கப் பார்த்தாள். “உக்காருக்கா, உக்காரு,” என்று பதறினான். அவள் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள்.

“இஸ்கூல்ல குடுத்தாங்க பாய். கைநாட்டு வெச்சிட்டுக் குடுக்கணுமாம். எனக்குப் படிக்கத் தெரியாதுல்ல. நீ படி.”

டைப் அடித்த காகிதம். கலீல் படித்தான். “நான் மேற்படி தேதியில் என் சொந்த அலுவலாக வண்டியை விட்டு இறங்கிச் சென்றபோது, என் கவனக்குறைவால் வழுக்கி விழுந்து காயமடைந்தேன். இதற்கும் பள்ளி நிர்வாகத்துக்கும், வண்டி ஓட்டுநருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நிர்வாகம் கருணையுடன் அளித்த ரூபாய் ஆயிரத்தைப் பெற்றுக்கொண்டேன்.”

‘வண்டி ஓட்டுநருக்கும்’ என்ற இடத்தில் அவன் குரல் இறங்கிப்போனது. அந்த வார்த்தையை விட்டுவிட்டுப் படித்திருக்கலாம். படித்ததை மாற்றியும் சொல்லியிருக்கலாம். அவளுக்குத் தெரியப்போவதில்லை.

“சொந்த அலுவல்னா இன்னா?” என்று கேட்டாள்.

“ஒன் சொந்த வேலையா எறங்கிப் போனேன்னு.”

“கொட்ற மழையில அந்தச் சந்துல எனக்கு இன்னா சொந்த வேல?”

அவன் காகிதத்தைத் திருப்பி, பின்பக்கம் பார்த்தான்.

“டிரைவர்னு கீதே, அது நீதான?”

“நான்தான். எனக்கு இதுல சம்பந்தம் இல்லன்னு போட்டுருக்காங்க.”

“அப்ப நான் கைநாட்டு வெச்சா ஒனக்கு நல்லது.”

“ஆமாக்கா.”

“எனக்கு?”

“ஆயிரம் ரூபா.”

அவள் காகிதத்தை வாங்கி நான்காக மடித்தாள். “வேலைக்கும் வர வாணாமாம். ஒத்தக் கால்ல இன்னா வேல செய்வேன்னு கிளார்க்கு கேக்கறான். நீயே சொல்லு பாய். வெக்கவா, வாணாமா?”

கலீல் எழுந்துவிட்டான். “ரெண்டு நாள் வெச்சிரு. உடனே வெக்காதக்கா,” என்று மட்டும் சொன்னான்.

அவன் வண்டியில் வருகிற இரண்டு பெண் குழந்தைகளின் அப்பா வேதசிரோமணி, ஹைகோர்ட்டில் வக்கீல். தினமும் தாம்பரத்திலிருந்து ரயிலில் போய்வருகிறவர். மறுநாள் காலை ராஜகீழ்ப்பாக்கம் ஸ்டாப்பில் குழந்தைகளை ஏற்றிவிட வந்தவரிடம் கலீல் கேட்டான். “சாயங்காலம் வீட்டுக்கு வா,” என்றார். போனான். இரண்டு தட்டு உட்பட எல்லாவற்றையும் சொன்னான்.

“தப்பு என்னோடது சார். அப்ப அவங்களுக்கு யார் குடுப்பாங்க?”

“தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்துல தப்பு யாரோடதுன்னு கேள்வியே கிடையாதுப்பா,” என்றார் வேதசிரோமணி. “வேலை செய்யும்போது, அந்த வேலையினால அடிபட்டாங்களா? அவ்வளவுதான் கேப்பாங்க. முதலாளி நஷ்டஈடு குடுத்தாகணும். ஆனா வேற ஒரு சிக்கல் இருக்கு. எந்தெந்த வேலைக்கு இந்தச் சட்டம் பொருந்தும்னு ஒரு பட்டியல் வெச்சிருக்கான். அதுல பள்ளிக்கூட ஆயா கிடையாது.”

“அப்ப ஒண்ணுமே பண்ண முடியாதா?”

“மோட்டார் வண்டி ஓட்டற வேலை, அதைச் சேர்ந்த வேலை, அது பட்டியல்ல இருக்கு. அந்தம்மா அன்னிக்கு வண்டிக்கு வழி காட்டிட்டு இருந்தாங்கன்னு நிரூபிச்சா கேஸ் நிக்கும். ஆஸ்பத்திரியில அவங்களே வேற மாதிரி சொல்லிட்டாங்க. ஸ்கூலும் சொல்லாது. மிச்சம் நீதான் இருக்கே.”

“சொன்னா என் மேல போலீஸ் கேஸ் வருமா சார்?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வராதுன்னு நான் உனக்குப் பொய் சொல்லமாட்டேன்.”

கேஸ் மட்டுமா? மெஹர் பானு அதே பள்ளியில் எல்.கே.ஜி. படித்துக்கொண்டிருந்தாள். டிரைவர் மகள் என்று பத்ரிநாராயணன் பீஸ் வாங்குவதில்லை. கலீல் மனைவி ஹஃபீசாவிடம் சொன்னபோது அவள் முதலில் கேட்டதும் அதைத்தான்.

“மெஹரு படிப்பு இன்னாங்க ஆவுறது? லைசென்சப் புடுங்கிட்டா நம்ம எங்க போறது?”

அவன் மனதிலும் அதுதான் ஓடியது. சரி, வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்று பாதி முடிவுக்கு வந்துவிட்டான். அடுத்த நாள் ஹஃபீசா, ஒருமுறை போய்ப் பார்த்தாவது வரவேண்டாமா என்று ஒரு தூக்குப்பாத்திரத்தில் குழம்பு எடுத்துக்கொண்டு மாடம்பாக்கம் போனாள். திரும்பி வந்ததும் புர்காவைக்கூடக் கழற்றவில்லை.

“அந்தக்கா அடிபம்புகிட்ட குந்திக்கினே நவுந்து நவுந்து தண்ணி புடிக்கிறாங்க. கொடத்தத் தள்ளிக்கினே வூடு வரைக்கும் போறாங்க,” என்றாள். தூக்குப்பாத்திரத்தைக் கீழே வைத்தாள். பிறகு, “நீங்க பொய்யி சொல்லி எம்புள்ள இங்கிலீசு படிக்க வாணாங்க,” என்றாள்.

கங்கையம்மாள் அந்தக் காகிதத்தில் கைநாட்டு வைக்கவில்லை. வேதசிரோமணி எழுதிய மனுவில் வைத்தாள்.

பத்ரிநாராயணன் கலீலை அறைக்குக் கூப்பிட்டார். கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. “கொட்டகையா இருந்த இடம் கலீல். இப்பத்தான் ரெண்டு கிளாஸ்ரூம் கட்டிடமா எழும்பியிருக்கு. வண்டி இன்ஷூரன்சுல டிரைவர், கிளீனர் மட்டும்தான் இருக்கு. ஆயாவுக்கு அவன் குடுக்கமாட்டான். எல்லாம் என் தலையில விழும். ஸ்கூலை மூடவேண்டியதுதான். நீ என்ன சொல்லப்போறே?”

“நடந்ததச் சொல்வேன் சார்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து காலையில் ‘வண்டி ரெடியா’ என்று கேட்பதை நிறுத்திவிட்டார்.

விசாரணை எண்பத்தொன்பதில்தான் வந்தது. தேனாம்பேட்டையில் தொழிலாளர் துறை அலுவலகம். தாம்பரம் ஸ்டேஷனில் பிளாட்பாரம் மாறவேண்டியிருந்தது. கங்கையம்மாள் மேம்பாலத்தின் படிகளைப் பார்த்தாள். கலீல் தூக்கிக்கொள்கிறேன் என்றான். “சீ, இன்னா பாய், ஊரு பாக்க சொல்ல!” என்று சிரித்தாள். முதல் படியில் திரும்பி உட்கார்ந்து, கைகளை ஊன்றி, ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாக ஏறினாள். ஆபீஸ் போகிற கூட்டம் இரண்டாகப் பிரிந்து அவளைச் சுற்றிப் போயிற்று. கட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறிய கலீல் தற்செயலாகக் கீழே பார்த்தான். படிக்கட்டின் அடியில், கையில் பைலோடு பத்ரிநாராயணன் நின்றுகொண்டிருந்தார். மேலே ஏறவும் இல்லை, விலகிப் போகவும் இல்லை. அவள் உச்சிப்படியை அடைகிறவரைக்கும் அப்படியே நின்றார்.

விசாரித்த அதிகாரி ஒரு பெண்மணி. நிறைய பைல்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். பள்ளியின் வக்கீல் கலீலைக் கேட்டார்.

“வழுக்கி விழுந்தேன், வண்டி நின்னுட்டு இருந்ததுன்னு அந்தம்மாவே போலீஸ்ல சொல்லியிருக்காங்க. நீ புதுசா கதை சொல்றே.”

“அது என்னைக் காப்பாத்தறதுக்காகச் சொன்னதுங்க. வண்டி ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஓட்டினது நான். சக்கரம் ஏறினது என்னாலதான்.”

சொல்லிவிட்டான். அதிகாரி பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். “உங்களுக்கு எதிரா நீங்களே சொல்றீங்கன்னு தெரியுதா?”

“தெரியுதும்மா.”

பிறகு தட்டுகளைப் பற்றிச் சொன்னான். ஒன்று என்றால் நில், இரண்டு என்றால் வா. தான் இரண்டு கேட்டது. ஒன்று கட்டளை, மற்றது அவள் விழுந்த சத்தம். அதிகாரி குறித்துக்கொண்டார்.

“அவங்களைத் தவிர வேற யாராவது வண்டிக்குப் பின்னால நின்னு தட்டுவாங்களா?”

“வேற ஆளே கிடையாதும்மா.”

இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் எழுந்தார். பாலிசியைக் காட்டினார். டிரைவர் ஒருவர், கிளீனர் ஒருவர், இரண்டு பேருக்கும்தான் பணம் கட்டியிருக்கிறார்கள். ஆயாவுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்றார்.

அதிகாரி பத்ரிநாராயணன் பக்கம் திரும்பினார். “கிளீனருக்குப் பணம் கட்டியிருக்கீங்களே சார், உங்க பஸ்ஸுல கிளீனர் யாரு?”

பள்ளி வக்கீல் அவர் காதில் ஏதோ முணுமுணுத்தார். கிளீனர் என்று வாட்ச்மேன் குப்புராஜின் பெயரைச் சொல்லிவிடுவதாக ஏற்பாடு என்று கலீலுக்கு முந்தின வாரமே தெரியும். குப்புராஜே வந்து புலம்பியிருந்தான். பத்ரிநாராயணன் எழுந்தார். மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

“கிளீனர்னு தனியா யாரும் இல்லம்மா,” என்றார். “இந்தம்மாதான் எல்லாத்தையும் பண்ணாங்க. தண்ணி ஊத்தறது, தொடைக்கிறது, பின்னால நின்னு பாக்கறது. வேலை கிளீனர் வேலை, சம்பளம் மட்டும் ஆயா சம்பளம். அது என் தப்பு.”

வக்கீல் அவர் சட்டையைப் பிடித்து இழுக்காத குறை. அதிகாரி எழுத ஆரம்பித்துவிட்டார்.

வெளியே வேப்பமரத்தடியில் வேதசிரோமணி சிரித்துக்கொண்டே வந்தார். “அவர் அதைச் சொன்னது அந்தம்மாவுக்கு மட்டும் இல்லப்பா, அவருக்கே நல்லதாப்போச்சு. அந்தம்மாதான் கிளீனர்னா பணம் குடுக்கவேண்டியது இன்ஷூரன்ஸ்காரன். ஒன்றரை வருஷமா இந்த மனுஷன் ஒளிச்சு வெச்சது அவரையே காப்பாத்துற உண்மையை.”

கங்கையம்மாள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். “அதக் கேக்க சொல்லதான் வயிறு எரியுது சார்,” என்றாள்.

தீர்ப்பு அந்த வருஷக் கடைசியில் வந்தது. பாதம் போனதற்கு இத்தனை சதவீதம், வயதுக்கு இத்தனை என்று ஏதோ பெருக்கிக் கழித்து, பதிமூவாயிரத்துச் சொச்சம் வந்தது. மகள் கல்யாணத்துக்கு வைத்துக்கொள் என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. மாடம்பாக்கத்தில் அரை கிரவுண்டு மனை வாங்கினாள். ஏரிப்பக்கத்து மண், தண்ணீர் நிற்கும், பைத்தியக்காரி என்று சிரித்தார்கள். வாங்கிய கையோடு ஒரு கொட்டகை போட்டு இட்லிப் பானையை ஏற்றினாள். சுற்றிலும் வீடுகள் எழும்ப ஆரம்பித்த நேரம். கொத்தனார்களும் சித்தாள்களும் விடிந்தால் அவள் வாசலில்தான் நின்றார்கள்.

பத்ரிநாராயணன் ஒருநாள் தானே அங்கே போய், உட்கார்ந்தபடி செய்கிற வேலையாகத் தருகிறேன், பள்ளிக்குத் திரும்பி வா என்று கூப்பிட்டார். வரமாட்டேன் என்றுவிட்டாள்.

கலீல் போலீஸ் சம்மனுக்காக ஒரு வருஷம் காத்திருந்தான். தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்கு ஓடுவான். அது வரவேயில்லை. மெஹர் பானுவின் பீஸும் யாரும் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு ஒரு கிளீனரைப் போட்டார்கள். சவுரிமுத்து என்று பெயர். முறையான ஆர்டர், முறையான சம்பளம். பள்ளி வளர்ந்தது. இரண்டாவது பஸ், மூன்றாவது பஸ் வந்தது. பழைய நீல வெள்ளை வண்டி இரும்புக்கடைக்குப் போன அன்று கலீல் லீவு போட்டுவிட்டான்.

தொண்ணூற்றைந்து தை மாதத்தில் கங்கையம்மாள் அந்த அரை கிரவுண்டில் கட்டிய ஓட்டு வீட்டுக்குப் புதுமனை புகுவிழா. கலீலும் ஹஃபீசாவும் மெஹர் பானுவும் போனார்கள். கட்டைக்கால் பொருத்திய பிறகு கங்கையம்மாள் நடக்கிற நடையில் ஒரு சின்னச் சாய்வு மட்டும்தான் இருந்தது. பட்டுப்புடவையில் அவளை அடையாளமே தெரியவில்லை.

பதினோரு மணிக்கு ஆட்டோவில் பத்ரிநாராயணன் வந்து இறங்கினார். வயதாகிவிட்டிருந்தது. பள்ளியை ஒரு டிரஸ்டிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டோடு இருந்தார். கையில் ஒரு தாம்பாளம், பழம், புடவை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரலாமா என்று தயங்கி நின்றார். பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கங்கையம்மாள் வெளியே வந்து தாம்பாளத்தை வாங்கிக்கொண்டாள்.

“அந்தக் காயிதத்த நான் மறக்கல சார்,” என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. “மறக்கவும் மாட்டேன்.”

“மறக்கவேண்டாம்மா,” என்றார் அவர்.

“செரி, உள்ள வாங்க. கால் கடுக்க நிக்காதீங்க. எல போட்டாச்சு.”

கலீலையும் அவரையும் ஒரே வரிசையில் அடுத்தடுத்து உட்காரவைத்து, வடையை அவளே கொண்டுவந்து போட்டாள். அவருக்கு ஒன்று, கலீலுக்கு இரண்டு. பத்ரிநாராயணன் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கலீலுக்கும் அடக்கமுடியவில்லை.

சாப்பிட்டு முடித்து, ஹஃபீசாவும் மெஹரும் பெண்களோடு தங்கிவிட, ஆண்கள் இருவரும் பஸ்ஸுக்காக மெயின் ரோட்டில் நின்றார்கள். எதிரே ஆடு மேய்ந்த இடத்தில் நாலு மாடி எழும்பிக்கொண்டிருந்தது. வந்த டவுன் பஸ் படியில் தொங்குகிற கூட்டத்தோடு நிற்காமல் போயிற்று.

“அடுத்தது எப்ப வருமோ,” என்றார் பத்ரிநாராயணன்.

“நடந்துடலாமா சார்? ராஜகீழ்ப்பாக்கம் போனா நிறைய பஸ் கிடைக்கும்.”

“மெதுவா நடந்தா வரேன். உனக்கு அவசரம் ஒண்ணும் இல்லையே?”

“ஒண்ணும் இல்ல சார்.”

வெயில் உறைக்கவில்லை. கலீல் அவர் வேகத்துக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு, ரோட்டுப் பக்கமாகத் தான் வந்து, அவரை ஓரமாக விட்டான். கிளீனர் இல்லாமல் மூன்று வருஷம் ஓட்டிய அந்த வண்டியை எவ்வளவுக்கு ஏலத்தில் எடுத்தேன் தெரியுமா என்று அவர் ஆரம்பித்தார்.